கடைசிப் பாட்டை வாசித்தாயா

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாய். சுகமில்லாத மனிதன் அவ்வளவு எழுத மாட்டான். இங்கே உன் உம்மா நல்ல சுகம். நான் எப்படி என்பதை இதை வாசித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள், முடிவு சொல்வதுதானே இப்போது உன் வேலை.

அந்தப் பேப்பரை விற்றவன் நான் என்பதை நீ மறந்திருப்பாய். காலை பஸ்ஸில் வந்த கட்டை அவிழ்த்து, ஈரம் பட்ட வெளித்தாளை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே விரித்தால் உன் பெயர். பாலமுனைப் புத்தகக் கூட்டத்தில் நீ பேசிய பேச்சு ஒரு சொல் குறையாமல் அப்படியே கிடந்தது. அங்கே பேசாத இரண்டு மூன்று வசனம் கூடவும் இருந்தது. மகனின் பெயர் அச்சில் வந்தால் மற்ற வாப்பாமார் ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து மடித்து அடுக்கினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் பசாரில் மீன் விற்கிறவர்கள் வரை வந்து, "நானா, ஒங்கட மகன் விதானையாரக் கிழிச்சுத் தொங்கப் போட்டிரிக்காராமே, அந்தப் பேப்பர் இரிக்கா?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். இலக்கியப் பக்கத்துக்காக என் கடையில் பேப்பர் விற்றுத் தீர்ந்தது அன்றைக்குத்தான். கல்முனையில் இலக்கியம் வளர்கிறது என்று நான் நம்பவில்லை. ஒரு கலியாணம் குழம்பப் போகிற வாசனை பிடித்து வந்தார்கள்.

எனக்குச் சந்தேகம் பிடித்த புத்தி என்று உன் உம்மா சொல்வாள். உண்மைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் விற்காமல் மிஞ்சியவை. விற்காத சஞ்சிகையின் அட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பினால் போதும், மிச்சம் எங்களுக்கு. அது உனக்கும் தெரியும், அந்த மிச்சத்தில் வளர்ந்தவன் நீ. அட்டை இல்லாத சஞ்சிகைக்கு எந்தக் கிழமை என்று அடையாளம் கிடையாது. ஆகவே நம் வீட்டில் தொடர்கதைகளை முன்னுக்குப் பின்னாகத்தான் வாசித்தோம். மலையிலிருந்து விழுந்து செத்துப்போனவள் அடுத்ததாகக் கையில் எடுக்கிற சஞ்சிகையில் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பாள். அப்படி வாசிக்கிறவனை எழுதுகிறவன் ஏமாற்றுவது கஷ்டம். ஒரு கிழமை முழுவதும் எங்களைத் தூங்கவிடாமல் கதவைத் தட்டின கை யாருடையது என்று பார்த்தால் பால்காரனுடையதாக இருக்கும். இது எனக்கு முதலே தெரிந்துவிடுவதால், யார் எங்கே கதவைத் தட்டினாலும் எனக்குப் பயமில்லை. இவன் ஏன் இப்போது தட்டுகிறான் என்றுதான் புத்தி போகும்.

சினிமா விமர்சனத்தையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒரு படத்தைப் பற்றி, "ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று எழுதியிருந்தால் கதையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "இயக்குநரின் துணிச்சலைப் பாராட்டலாம்" என்று எழுதியிருந்தால் எழுதினவர் இடைவேளையில் எழும்பிப் போயிருக்கிறார். றேடியோவில் நேயர் கடிதம் வாசிக்கிறார்கள் அல்லவா, எல்லாக் கடிதமும் ஒரே கையெழுத்தில் இருக்குமோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். டீவி வந்து இரண்டு மூன்று வருசமாகிறது. அதில் எனக்குள்ள முதல் சந்தேகம், ஒரு அந்நிய ஆண்பிள்ளை வாசலில் நின்றால் தலைச்சீலையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிற நம் பெண்கள், டை கட்டின ஒருவன் பெட்டிக்குள் இருந்து பார்த்துச் செய்தி சொன்னால் அவனுக்கு முன்னால் கால் நீட்டி இருந்து முருங்கையிலை ஆய்கிறார்களே, அது எப்படி என்பது. பள்ளிவாசலில் இதைக் கேட்டேன். மௌலவி சிரித்துவிட்டு, "அவன் ஒங்களப் பாக்கல்லயே" என்றார். அதுவும் எனக்கு முழு நம்பிக்கையில்லை.

விமர்சனம் எழுதுகிறவர்களில் எல்லாவற்றையும் புகழ்கிறவரை நான் பெரிதாகச் சந்தேகப்படுவதில்லை. அவர் சோற்றுக்கு அழைத்த வீட்டில் கறி நல்லாயிருக்கிறது என்று சொல்கிறவர், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வெட்டுகிறவரைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். வெட்டுகிறவன் உண்மை சொல்கிறான் என்று சனம் உடனே நம்பிவிடுகிறது. நம்பப்படுகிற இடத்தில்தான் சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு விதானை மச்சான் கடைக்கு வந்தார். இதை உனக்குச் சொல்லவில்லை. உனக்குக் கலியாணம் பேசியிருக்கிற றமீஸாவின் தாய்மாமன், இறக்காமத்து வயல்களுக்கு வட்டவிதானை, யாருடைய வயலுக்கு எப்போது வாய்க்காலைத் திறப்பது என்று தீர்க்கிறவர், இவ்வளவும் உனக்குத் தெரியும். றமீஸாவின் வாப்பா வயற்காவலுக்குப் போன இடத்தில் ஆனை அடித்து மவுத்தான பிறகு அந்த வீட்டைத் தாங்கியவர் அவர் என்பதும் தெரியும். அன்றைக்கு அவர் வந்த விதம்தான் உனக்குத் தெரியாது. வெள்ளைச் சேட்டுப் போட்டு, சாறனை இறக்கிக் கட்டி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்தார்.

"மச்சான், பொஸ்தகம் அடிச்சு வந்திட்டு. வெளியீட்டு விழா வைக்கணும்."

"நல்லம் மச்சான், வைங்க."

"ஆய்வுரை சொல்ல ஆள் வேணும். வெளியால எதுக்குத் தேடுற? நம்மட மருமகன் இரிக்கார்தானே. படிச்சவர்."

"அவன்ட வாயி கொஞ்சம்..."

"வாயி இரிக்கிறவனத்தானே மேடைக்குக் கூப்பிடுற!"

சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் சந்தேகப்பட்டேன். இந்த மனிதனுக்குத் தன் புத்தகத்தைக் காட்டுவதை விட உன்னைக் காட்டத்தான் ஆசை என்று பட்டது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறவன். உன்னை நாங்கள் பாலமுனைக்குக் கொடுக்கிறோம். அந்த ஊர், அந்த வீடு, அந்த வீட்டு முற்றம் எல்லாம் இனி உன்னுடையவை. வருகிறவன் யார் என்று தன் சனத்துக்கு ஒரு மேடையில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆய்வுரை என்பது நம் ஊர்களில் அப்படியான ஒரு மரியாதை. பந்தியில் பெரிய மனிதர்களோடு ஒரே தட்டில், முதல் சகனில், இருத்துகிற மாதிரி. அந்தச் சகனில் இருந்துகொண்டுதான் நீ உப்பில்லை என்று சொன்னாய்.

கூட்டத்தை நினைத்துப் பார். பள்ளிக்கூட மண்டபம், நடுவில் சீலை கட்டிப் பெண்கள் ஒரு பக்கம். குர்ஆன் கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைக்கு மேல் வாழ்த்துரை. ஒரு பெரிய மனிதர் எழும்பி, "இந்த நூலின் அட்டையைப் பார்த்தபோதே என் மனம் நிறைந்துவிட்டது" என்று தொடங்கி, அட்டையைத் தாண்டாமலே கால்மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று மண்டபத்துக்கே தெரியும். ஒருவரும் குறை சொல்லவில்லை. வாசிக்காமல் புகழ்ந்தால் நம்மில் அது மரியாதை என்றாகிவிடுகிறது. அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பிறகு நீ எழும்பினாய். "இந்தப் புத்தகத்தில் நிலா எத்தனை தரம் உதிக்கிறது என்று எண்ணப் பார்த்தேன், வானத்தில் கூட இவ்வளவு வேலை அதற்கு இல்லை" என்றாய். மண்டபம் சிரித்தது. "வாய்க்காலெல்லாம் வார்த்தை ஓடுகிறது, ஒரு வரப்புக் கூட நனையவில்லை" என்றாய். பின்னால் நின்ற இளந்தாரிகள் விரலை வாயில் வைத்துச் சீக்காயடித்தார்கள். நானும் சிரித்தேன். மகன் பேசி மண்டபம் சிரிக்கும்போது வாப்பா சிரிக்காமல் இருக்க ஏலாது. அந்த நேரம் உன் முகத்தைப் பார்த்தேன். வட்டிலப்பம் தின்கிறவனின் முகம். உண்மை சொல்கிறவனுக்கு அவ்வளவு இனிக்குமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணத்தில்தான் நீ அந்த வசனத்தைச் சொன்னாய்: "இந்த நூல் முழுவதிலும் உண்மையான துக்கம் ஒரு வரியில் கூட இல்லை. துக்கப்படாத மனிதர் எதற்குக் கவிதை எழுத வேண்டும்?"

சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சுச் சத்தம் அப்படியே அறுந்தது. எனக்கு அது காதில் விழவில்லை. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். உம்மாதான் பிறகு சொன்னாள், அவள் றமீஸாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

விதானை மச்சான் தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து உனக்குப் போர்த்தியதை நீ பார்த்தாய். அதைத் தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஏறி மலைநாட்டுக்கு, நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அதோடு விட்டிருந்தால் பேச்சு காற்றோடு போயிருக்கும். நீ அதைப் பேப்பருக்கும் அனுப்பினாய். கட்டு வந்தது, நான் விற்றேன்.

அன்றைக்கு மத்தியானம் உம்மா சோறு வைக்கவில்லை. "அவனுக்கு ஒங்கட நாக்கு. இப்ப போய்க் கதைச்சுட்டு வாங்க" என்றாள். "நான் போய் என்னத்தக் கதைக்கிற?" என்றேன். "கடையில வாறவனுக்கெல்லாம் படம் நல்லமா இல்லையா எண்டு கத சொல்லுறீங்களே, அதுல கொஞ்சம் கதைங்க" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்குச் சோறில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு பாலமுனைக்குப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டு, மஹ்ரிப் தொழுது முடிந்திருந்தது. மண்டபத்து வாசலில் செருப்புக் குவிந்து கிடக்கிற மாதிரி றமீஸா வீட்டு வாசலில் கிடந்தது. யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே போனால் டீவி. சவூதியில் இருக்கிற மூத்த மகன், றமீஸாவின் காக்கா அனுப்பியது, அந்தத் தெருவுக்கு முதல் டீவி. கார் பெட்டரியில் ஓடுகிறது. பாய் விரித்து அயல் வீட்டுப் பெண்கள் எல்லாம் இருக்கிறார்கள். எனக்கு ஒரு கதிரை போட்டார்கள், டீவிக்கு நேர் முன்னால். சமாதானம் பேச வந்தவனை அப்படி இருத்தினால் அவன் யாரிடம் பேசுவது? விதானை மச்சானைக் காணவில்லை. பார்த்தால் மனிதர் முற்றத்தில் நிற்கிறார், கமுக மரத்தில் கட்டின அன்ரனாக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"இப்ப எப்பிடி?" என்று வெளியிலிருந்து சத்தம்.

"ஆ, வந்த வந்த! விட்டுராதீங்க! ஐயோ, போயிட்டு."

"கடல் பக்கமாத் திருப்பட்டா?"

"மலப் பக்கம் திருப்புங்க! ஆ, அப்பிடியே நில்லுங்க!"

அப்படியே நின்றார். ஊரை நனைக்கிற வாய்க்காலுக்குக் காவல் நிற்கிற மனிதர், நீ கிழித்துப் போட்ட கவிஞர், இருட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஒரு சிங்கள நாடகம். ஒரு பெண் செத்துக் கிடக்கிற புருசனின் மையத்துக்குப் பக்கத்தில் இருந்து அழுகிறாள். பாயிலிருந்த பெண்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்துகிறார்கள். உனக்கு மாமியாக வரப்போகிறவர், றமீஸாவின் உம்மா, வெற்றிலைத் தட்டோடு மூலையில் இருந்தார்.

"என்னகா இவள்?" என்றார் டீவியைப் பார்த்து. "புருசன் மவுத்தாகி அன்னா கெடக்கான், தல மசிரு ஒண்டு கலையல்ல. கண்ணுக்கு மை வேற."

"ஒனக்கு அவள் பேசுற பாசை விளங்குதா, ராத்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அழுற பொய்யெண்டு விளங்கப் பாசை எதுக்குகா? எனக்கு அண்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணால வரல்ல. வந்த சனத்துக்குச் சோறாக்க அரிசி காணுமா எண்டு பானையப் பாத்துக்கிட்டு நிண்ட நான்."

டீவியில் அந்தப் பெண் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். மகன், நான் எத்தனையோ விமர்சனம் விற்றவன். அன்றைக்குத்தான் ஒன்றைக் கேட்டேன் என்று சொல்ல வந்தால் நீ என்னைச் சந்தேகப்படுவாய், ஆகவே சொல்லவில்லை.

அப்போது அறை வாசலில் தொங்குகிற சீலைக்குப் பின்னால் இருந்து றமீஸா கூப்பிட்டாள். "மாமா." என் காதுக்குப் பக்கத்தில்தான் அந்த வாசல்.

"சொல்லு புள்ள."

"எனக்கு ஒண்டு கேக்கணும். அவர் பேசினத்துக்கு நான் கோவமில்ல. நிலாவப் பத்திச் சொன்ன அவ்வளவும் சரி. அச்சடிக்க முந்தியே நான் எங்கட விதானை மாமாக்கிட்டச் சொன்ன, நிலாவக் கொஞ்சம் கொறைங்க எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"கடைசிப் பாட்டு எங்கட வாப்பாட மவுத்தப் பத்தின. அத அவர் வாசிச்சாரா மாமா?"

உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை போகாமல் அதன் கூட்டத்தில் கைதட்டியவன் நான்.

"வாசிச்சுப் போட்டுத்தான் அதுல துக்கம் இல்ல எண்டு சொன்னாரெண்டா, அது அவர்ர நெனப்பு. நான் அத ஒத்துக்க மாட்டன். எண்டாலும் ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு நெனப்போட இரிக்கலாம். வாசிக்காமச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்ன புள்ள?"

"நாளைக்கு நான் ஒண்டு சொல்லக்குள்ளயும், கடைசி வரைக்கும் கேக்காமத்தானே அவர் பதில் சொல்லுவார்?"

வெளியே, "இப்ப தெளிவா இரிக்கா?" என்று கம்பத்தடியில் இருந்து கேட்டது. "தெளிவா இரிக்கி!" என்று பாயிலிருந்தவர்கள் கத்தினார்கள்.

"வாசிச்சாரா மாமா?" என்று திரும்பக் கேட்டாள்.

"எனக்குத் தெரியா புள்ள" என்றேன்.

உன் மாமி வெற்றிலையை மடித்து என்னிடம் நீட்டினார். "அவள் கேட்டத்துக்குப் பதில் வரட்டும். மறுகா நாளப் பாப்பம்" என்றார். அறுவடை முடிந்த கையோடு நிக்காஹ் என்று பேசி வைத்த நாள் அந்த ஒரு வசனத்தில் கயிறறுந்த தோணியாகப் போய்விட்டது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

விதானை மச்சான் உள்ளே வந்து துருப் பிடித்த கையைச் சாறனில் துடைத்தார். "மருமகனுக்குக் கடிதம் எழுதுவீங்கதானே மச்சான்? நிலா கொஞ்சம் கூடித்தான் போயிட்டு எண்டு நான் சொன்னதா எழுதுங்க" என்றார். கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் அவரையும் சந்தேகப்பட்டேன், இந்தப் பணிவு மெய்தானா, என்னைக் குத்துகிறாரா என்று. மனிதரின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு எழும்பும்போது ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தார். எனக்கு ஏற்கெனவே ஒன்று தந்திருக்கிறார் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த நான் துணியவில்லை.

பஸ்ஸில் லைட் எரிந்தது. கடைசிப் பாட்டை எடுத்தேன். வாசிக்கும்போதே எனக்கு அதன் மேலும் சந்தேகம்தான். மவுத்தைக் காட்டிக் கண்ணீர் கறக்கிறவர்களை நான் கிழமைக்குக் கிழமை கட்டவிழ்த்து அடுக்குகிறவன். ஆனை வரும், பிளிறும், மண்ணில் இரத்தம் ஓடும், வானம் அழும் என்று காத்திருந்தேன். ஆனை வரவேயில்லை, மகன். பாட்டில் ஆனை என்ற சொல்லே கிடையாது. காவற்பரணில் லாம்பு எரிந்துகொண்டிருக்கிறது. கிளாசில் ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்கிறது. வரப்பில் ஒற்றைச் செருப்பு. பிறகு, அன்றைய காவல் தன்னுடைய முறை என்றும், காய்ச்சல் என்று தான் படுத்ததால் மச்சான் தனக்காக முறை மாறிப் போனார் என்றும் ஒரு வரி. அதை அந்த மனிதர் ஊரில் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. றமீஸாவின் வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரியுமோ, அச்சில் வந்த பிறகுதான் தெரிந்ததோ, அதுவும் எனக்குத் தெரியாது. அந்த வரிக்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. பாட்டு அங்கேயே நிற்கிறது.

அதிலும் நிலா இருக்கிறது. உன்னைப் போல நானும் அதைப் பிடித்துக்கொண்டேன், விட்டாரா பார் என்று. இரண்டாம் தரம் வாசிக்கும்போது விளங்கியது, அந்த நிலா இல்லாவிட்டால் அவர் செருப்பைக் கண்டிருக்க மாட்டார். மற்ற நிலா எல்லாவற்றையும் நீ சுட்டுத் தள்ளலாம், நானும் கூட வருவேன். இந்த ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் படித்தவனின் கருத்து.

இனி உன்னைச் சந்தேகப்படுகிறேன். புத்தகம் உன் கைக்கு வந்தது கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு. அதைச் சாறன் மடிப்பில் சொருகிக்கொண்டு கூட்டாளிமாரோடு கடற்கரைக்குப் போனாய். நீ எப்போது வாசித்தாய் என்று நான் காணவில்லை. நான் காணாததால் நடக்கவில்லை என்றாகாது, நீ வேகமாக வாசிக்கிறவன். றமீஸா இரண்டு வழி சொன்னாள், வாசித்துச் சொன்னாயா, வாசிக்காமல் சொன்னாயா என்று. எனக்கு மூன்றாவது ஒன்று தோன்றுகிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. "துக்கப்படாத மனிதர் எதற்குக் கவிதை எழுத வேண்டும்" என்ற அந்த வசனம் உனக்கு எப்போதோ வாய்த்திருக்கிறது. நல்ல வசனம். அதைச் சொல்ல ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருந்தாய். கையில் வந்தது இந்தப் புத்தகம். கடைசிப் பாட்டை வாசித்திருந்தாலும், அந்த வசனத்தை விட்டுக்கொடுக்க உனக்கு மனம் வந்திருக்காது. மண்டபம் சிரிக்கக் காத்திருக்கும்போது ஒரு நல்ல வசனத்தை விழுங்குவது கஷ்டம். எனக்கு அது தெரியும், நான் கடைக்கு வருகிற ஆட்களுக்கு முன்னால் ஒரு நாளும் விழுங்கியதில்லை.

நான் சொல்வது பிழையாக இருக்கலாம். பிழையாக இருக்க வேண்டும் என்றுதான் துஆச் செய்கிறேன்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அடுத்த பேப்பரில் ஒரு மறுப்பு எழுதிப் புகழ்ந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்றை நானே எழுதி உன் பெயரைப் போட்டுவிடலாம் என்று கூட ஒருவர் சொன்னார். உம்மாவிடம் இதைச் சொன்னேன். "பொய் சொல்லி நாளெடுக்க வேணாம். அந்தப் புள்ள கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க" என்றாள். உம்மா ஒரு புத்தகமும் வாசிக்கிறவள் இல்லை. சீலைக்கு அந்தப் பக்கம் சத்தம் அறுந்ததைக் கேட்டவள் அவள்தான்.

நீ போய் இருக்கப் போகிற வீடு அது. காலையில் எழும்பினால் அந்த மாமியின் கையால் தேத்தண்ணி, வாசலில் விதானை மச்சானின் செருமல். அந்த வீட்டில் ஒருவருடைய கருத்தும் உன் கருத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றில்லை. டீவியில் அழுகிற பெண்ணால் கூட அங்கே தப்ப முடியவில்லை. அவர்கள் ஏச்சுக்குப் பயந்தவர்கள் இல்லை. இந்தச் சனத்துக்கு முன்னால் வாசிக்காமல் பேசினவனாக இருந்து முழு ஆயுளையும் ஓட்டுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

புத்தகத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் ஒன்று இருக்கும், இருந்தாலும் இருக்கட்டும். லீவு எடுத்துக்கொண்டு வா. பதிலை எனக்கு எழுதாதே. எழுதினால் நான் அதை மூன்று தரம் வாசித்து, எந்தச் சொல்லை எதற்குப் போட்டாய் என்று தோண்டிக்கொண்டே இருப்பேன். பேப்பருக்கும் எழுதாதே. அந்த அறை வாசல் சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, உன் வாயால் அவளுக்குச் சொல். "வாசிச்சன்" அல்லது "வாசிக்கல்ல". எது உண்மையோ அந்த ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு அவள் பேசி முடிக்கும் வரை நில். அதற்கு மேல் நீ ஒரு சொல் கூட்டினாலும் அது விமர்சனமாகிவிடும்.

உன் வாப்பா